தாய் நக்காத கன்றுகள்

தங்கராசுவின் மாடு தின்றுகொண்டுதான் இருந்தது. பூபதியைக் குழப்பியது அதுதான். உடம்புக்கு முடியாத மாடு முதலில் தீனியைத்தான் விடும். இதுவோ தொட்டியில் போட்ட சோளத்தட்டை ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் மென்று விழுங்கியது. அப்படித் தின்றும் பத்தே நாளில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போல இளைத்திருந்தது. கண்கள் குழிக்குள் போய்விட்டன. பால் பாதியாகி, கால்வாசியாகி, அன்று காலையில் ஒரு சொம்போடு நின்றுபோனது.

பூபதி தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் இருபது வருடமாக மாடு பார்க்கும் மருத்துவர். அசை போடுகிறதா என்று கேட்டார். தங்கராசுவுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊர்ப் பால் சங்கத்தின் செயலாளர் அவர். எந்த வீட்டு மாடு எத்தனை லிட்டர் கறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் மாடு படுத்துக்கொண்டு அசை போடுவதை அந்த ஊரில் யாரும் கவனித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. கவனிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது.

பூபதி மாட்டின் இடப்பக்கம் போய், கடைசி விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். அதற்கு நேர் உள்ளே இருப்பது மாட்டின் பெரிய இரைப்பை. நல்ல மாடாக இருந்தால் இரண்டு நிமிஷத்துக்கு மூன்று தடவையாவது அது உள்ளேயிருந்து கையைத் தள்ளும். ஐந்து நிமிஷம் நின்றார். எதுவும் தள்ளவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். தூரத்தில் இடி உருளுவதுபோல் கேட்க வேண்டிய சத்தம் இல்லை. காய்ச்சல் இல்லை, உப்புசம் இல்லை. கம்பியோ ஆணியோ விழுங்கியிருக்குமோ என்று முதுகை அழுத்திப் பார்த்ததில் வலி காட்டவும் இல்லை. கடைசியில் வாய் வழியாகக் குழாயை இறக்கி, இரைப்பை நீரைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்தார்.

பச்சையும் பழுப்புமாக, நுரைத்துக்கொண்டு, புளித்த வாடையோடு வர வேண்டிய நீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் போல வந்தது. அதில் சோளத்தட்டுத் துணுக்குகள் மிதந்தன. மென்றது மென்றபடியே, கொஞ்சமும் கரையாமல். மருத்துவமனைக்குக் கொண்டுபோய் நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தபோது, அசைகிற ஒரு பொருள்கூட அதில் இல்லை.

மாடு புல்லைத் தின்கிறது என்று சொல்கிறோமே தவிர, புல்லைச் செரிப்பது மாடு இல்லை. அதன் வயிற்றில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். அவை ஆக்கிப் போடுவதைத்தான் மாடு உண்கிறது. தங்கராசுவின் மாட்டு வயிற்றில் அந்த அடுப்பு அணைந்துபோயிருந்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் இன்னும் நான்கு ஊர்களிலிருந்து அதே புகார் வந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன்னால் தங்கராசுவின் மகள் கல்யாணத்தில் நிறையச் சோறு மிஞ்சியது. வீணாக்க மனமில்லாமல், வாயில்லா ஜீவன்களும் கல்யாணச் சோறு தின்னட்டுமே என்று ஆசையாக அள்ளி வைத்தார். சோறு இரைப்பைக்குள் புளித்து அமிலமாகிவிடும் என்பது எல்லோரும் கேட்டிருக்கிற விஷயம்தான். ஆனாலும் ஒவ்வொரு முகூர்த்த மாதத்திலும் எங்காவது ஒரு வீட்டில் நடக்கும். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் இரண்டு மாடுகள் கீழே விழுந்தன. மூன்றாவது, தவில் போல உப்பி நின்றது. பூபதி சோடா உப்பைக் கரைத்து ஊற்றினார், எண்ணெய் ஊற்றினார், கடைசியில் இடப்பக்கப் பள்ளத்தில் துளை போட்டார். காற்று வரவில்லை; நுரை வந்தது. மூன்றும் போய்விட்டன. புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்து இறங்கிய நேரத்தில், மாமனார் கட்டுத்தறியில் உட்கார்ந்து, "சோறு போட்டுக் கொன்னுட்டனே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த வருடம் ஊதா மருந்து வந்தது.

ஒரு குப்பி. ஒரே ஒரு தடவை வாயில் ஊற்றினால் போதும். பழைய நுண்ணுயிர்களை விரட்டிவிட்டு, ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய புது நுண்ணுயிர் ஒன்று வயிறு முழுக்கக் குடியேறும். அதற்குச் சோறும் ஒன்றுதான், சோளத்தட்டும் ஒன்றுதான். அமிலம் ஆக்காது, நுரை கட்டாது. பாலும் கூடும். தினமும் தீவனத்தில் ஒரு பிடி ஊதாத் துகளைக் கலந்து வைக்க வேண்டும், அவ்வளவே. அதை உருவாக்கிய குழுவில் பூபதியோடு கல்லூரியில் படித்த ரெஹானாவும் இருந்தாள். பூபதி வீடு வீடாக ஏறி இறங்கிப் பேசினார். மூன்று ஊராட்சிகளில் நாலாயிரத்துச் சொச்சம் மாடுகளுக்குத் தன் கையாலேயே ஊற்றினார். அதன் பிறகு அந்த வட்டாரத்தில் வயிறு உப்பி ஒரு மாடும் சாகவில்லை. வாழ்க்கையில் தான் செய்த உருப்படியான காரியம் என்று அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ஊதாத் துகள் கடைசியாக வந்து ஆறு வாரம் ஆகிவிட்டிருந்தது. லாரி நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்றே பதில் வந்துகொண்டிருந்தது. கையிருப்பு தீர்ந்துவிடுமோ என்று வீடுகளில் அளவைக் குறைத்து, சில மாடுகளுக்கு நிறுத்தியும் விட்டிருந்தார்கள். பூபதி ரெஹானாவை அழைத்தார். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"துகள் இனிமே வராது பூபதி."

அந்தத் துகளில் ஒரு சத்து இருக்கிறது, அது இல்லாமல் புது நுண்ணுயிர் வேலை செய்யாது என்றாள். வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். காட்டில் மேய்கிற மானுக்கோ மற்றதற்கோ பரவிவிட்டால் சத்துக் கிடைக்காமல் தானாக அடங்கிவிட வேண்டும் என்பதற்காகப் போட்ட பூட்டு அது. அந்தச் சத்தைத் தயாரிக்கும் தொட்டிகளில் ஒரு வைரஸ் புகுந்துவிட்டது. எல்லாத் தொட்டிகளும் ஒரே தாய்க் கலவையிலிருந்து எடுத்தவை. அதனால் ஒன்றுவிடாமல் எல்லாம் கெட்டுப்போயின. மறுபடி முதலிலிருந்து உண்டாக்க இரண்டு வருடம் பிடிக்கும்.

"மாடு ரெண்டு மாசங்கூடத் தாங்காது, ரெஹானா."

"தெரியும்" என்றாள்.

செரிமானம் நின்றுபோன மாட்டுக்கு வெகுகாலமாக ஒரு வைத்தியம் உண்டு. நல்ல மாட்டின் இரைப்பை நீரை எடுத்து நோயுற்ற மாட்டுக்கு ஊற்றுவது. எரிகிற அடுப்பிலிருந்து அணைந்த அடுப்புக்குக் கொள்ளி எடுத்துக் கொடுப்பது போல. ஆனால் எரிகிற அடுப்பு எங்கே இருக்கிறது? ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்த எருமைகளுக்கும் ஆடுகளுக்கும் எப்போதோ ஊதா மருந்து தொற்றியிருந்தது. மலையோர ஊர்களில் தப்பிய மாடுகளை அந்தந்த மாவட்டக்காரர்கள் தேடிப் போய்விட்டார்கள். அவரவர் எல்லைக்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. பூபதி தன் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். மருந்து ஊற்றாதது என்று ஒரே ஒரு பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு இருந்தது. கலாமணி.

தங்கராசுவின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வாய்க்காலுக்கு அப்பால் தனித் தோட்டம், தனிக் கிணறு, ஒரு மாடு. எட்டு வருடத்துக்கு முன் பூபதியும் தங்கராசுவும் குப்பியோடு போய் நின்றபோது வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டாள். மருந்து ஊற்றாத மாட்டின் பாலைச் சங்கத்தில் கலக்கக் கூடாது, அந்த மாடு பொதுத் தொட்டிக்கும் மேய்ச்சலுக்கும் வரக் கூடாது என்று பிறகு ஒரு தீர்மானம் வந்தது. அதில் மருத்துவர் என்ற இடத்தில் பூபதி கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து கலாமணி தயிர் தோய்த்துத் தாராபுரத்துத் தெருக்களில் விற்றுவந்தாள். பூபதி வாரத்தில் இரண்டு நாள் அந்தத் தோட்டத்தைத் தாண்டித்தான் போவார். ஒரு நாளும் வண்டியைத் திருப்பியதில்லை.

மறுநாள் காலையில் திருப்பினார்.

வேப்ப மரத்தடியில் குட்டையான ஒரு கறுப்பு மாடு படுத்திருந்தது. அதன் தாடை இடமும் வலமுமாக நிதானமாக அரைத்துக்கொண்டிருந்தது. நின்றது. கழுத்து வழியாக ஒரு உருண்டை கீழே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று மேலே ஏறி வந்தது. மறுபடி தாடை அரைக்க ஆரம்பித்தது. பூபதி வந்த காரியத்தை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கலாமணி வாளியோடு வந்து பக்கத்தில் நின்றதும்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். குட்டச்சிக்கு வலிக்குமா என்பது மட்டும்தான் அவள் கேள்வி. அந்த மாட்டின் பெயர் குட்டச்சி. வாரத்துக்கு இரண்டு தடவை குழாய் இறக்க வேண்டும், வலி பெரிதாக இருக்காது, ஆனால் உடம்பு தளரும், பால் வற்றிப்போகலாம் என்று பூபதி மறைக்காமல் சொன்னார்.

"தங்கராசு வந்து கேக்கட்டுங்க" என்றாள் கலாமணி.

பூபதிக்கு இன்னொன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஊரே ஊத்திக்கிச்சு. நீங்க மட்டும் அன்னிக்கே எப்படிங்கக்கா வேண்டாம்னீங்க? இப்படி ஆகும்னு தோணுச்சுங்களா?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எனக்கென்னங்க தெரியும். அன்னிக்கு உங்ககூடத் தங்கராசும் வந்தான். அப்ப எங்களுக்குள்ள வரப்புத் தகராறு. அவன் சொல்றது எதையும் செய்யக் கூடாதுன்னு ஒரு வீம்பு. அடுத்த வாரமே மனசு மாறிப்போச்சுங்க. டாக்டரு மறுக்கா வருவாரு, ஊத்திக்கலாம்னு பாத்துட்டே இருந்தேன். நீங்க வரவே இல்லீங்க."

பூபதி தலையைக் குனிந்துகொண்டார். எட்டு வருடத்துக்கு முன், அன்று சாயங்காலமே அந்தப் பெயருக்கு எதிரே சிவப்புக் கோடு போட்டது அவர்தான். ஊரில் அவர் பேச்சைத் தட்டிய ஒரே ஆள் அவள். தேவைப்பட்டால் தானாக வரட்டும் என்று விட்டார். அந்தக் கோபத்தைக் காரணம் என்று யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. இன்றைக்கு மூன்று ஊராட்சிக்கும் மிஞ்சியிருந்த ஒரே மாடு, அவர் கடமை தவறியதால் மிஞ்சியது.

மதியம் தங்கராசு வந்தார். வேலிப் படலுக்கு வெளியிலேயே நின்றார். "நங்கை" என்றார், அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கலாமணி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடி. குடிச்சிட்டு மாட்டப் புடி. டாக்டரு தனியா எப்படிப் புடிப்பாரு."

முதலில் ஐந்து மாடுகளுக்கு ஊற்றினார்கள். இரண்டாம் நாள் தங்கராசுவின் மாடு படுத்தபடி கால்மணி நேரம் அசை போட்டது. செய்தி பரவித் தெருவே கூடிவிட்டது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல வட்டமாக நின்று ஒரு மாடு மெல்லுவதைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் அது நின்றுபோயிற்று. நான்காம் நாள் எடுத்த இரைப்பை நீர் மறுபடியும் கழுவிய தண்ணீராக இருந்தது. ஐந்து மாடுகளுக்கும் அதேதான்.

ரெஹானா சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். இரண்டு நாள் நுண்நோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு கலாமணியின் தோட்டத்தில், கிணற்று மேட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"சத்து கிடைக்கலைன்னா செத்துப்போகும்னு நினைச்சோம். செத்திருந்தா இடம் காலியாகியிருக்கும். அது சாகல பூபதி, தூங்குது. வேற எது உள்ள வந்தாலும் முழிச்சுக் கொல்லுது, மறுபடி தூங்குது. எங்க பரிசோதனை எதுலயும் இது தெரியல. தெரியலைன்னு சொல்றது ஒரு பதிலா என்னன்னு எனக்குத் தெரியல."

வளர்ந்த மாடு எதையும் காப்பாற்ற முடியாது. ஒரே ஒரு வழிதான் இருக்கிறது என்றாள். பிறக்கும்போது கன்றின் இரைப்பையில் எதுவும் குடியிருக்காது. தாய் நக்கும்போது அதன் எச்சில் வழியாகத்தான் முதல் நுண்ணுயிர் கன்றுக்குப் போய்ச் சேர்கிறது. தாயின் நாக்கு படுவதற்கு முன் கன்றை எடுத்துவிட்டால், குட்டச்சியின் நீரைக் கொடுத்து அதை வளர்க்கலாம். ஊருக்குள் வைக்கக் கூடாது. மண்ணில், தொட்டியில், சாணத்தில் எங்கும் அந்த நுண்ணுயிர் தூங்கிக் கிடக்கிறது. ஊர் ஒதுக்கிவைத்த இந்தத் தோட்டம்தான் சுத்தமான இடம்.

"பெத்தவ கண்ணுலயே காட்டாமயா?" என்றாள் கலாமணி.

"காட்டலாம். தொட விடக் கூடாது."

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். வீடுகளில் மிச்சமிருக்கும் துகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, நிறைசினை மாடுகளுக்கு மட்டும் கொடுக்க வேண்டும், கன்று ஈனும் வரையாவது அவை உயிரோடு இருக்க வேண்டும் என்றார் பூபதி. அப்படியென்றால் மற்ற மாடுகள் என்று ஒருவர் கேட்டார். தங்கராசு எழுந்துபோய்த் தன் வீட்டு மூட்டையைத் தூக்கிவந்து நடுவில் வைத்தார். அவரிடம் இருந்த மூன்று மாடுகளில் ஒன்றுதான் சினை. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். சிலர் திரும்பி வரவில்லை. அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை.

வயிறு நிறையத் தீனியோடு பட்டினியில் சாவது மெதுவான சாவு. அப்படிச் சாக விடாமல், வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசி போட வேண்டியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் குப்பியோடு ஏறி இறங்கிய அதே வாசல்களில் பூபதி ஊசியோடு ஏறி இறங்கினார். யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. சில வீடுகளில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நெற்றிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கடைசியாக ஒரு தாம்பாளம் நிறையச் சோறு பிசைந்து வைத்தார்கள். இனி அதனால் என்ன ஆகப்போகிறது என்று அவர் தடுக்கவில்லை. அது நக்கித் துடைத்துத் தின்று முடிக்கும் வரை காத்திருந்தார்.

தங்கராசுவின் செவலை மாடு ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணிக்கு ஈன்றது. பூபதி கையுறை போட்டுக்கொண்டு, துவைத்துக் காயவைத்த வேட்டியை விரித்துப் பின்னால் மண்டியிட்டிருந்தார். தங்கராசு முன்னால் மூக்கணாங்கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தார். கன்று வழுக்கி வந்தபோது தரையில் விழவிடாமல் வேட்டியிலேயே ஏந்தி, எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். படலுக்கு வெளியே கலாமணி நின்றிருந்தாள். அவளிடம் கொடுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

தங்கராசு கயிற்றைத் தளர்த்தியிருந்தார். செவலை சுற்றித் திரும்பி, கன்று விழுந்திருக்க வேண்டிய இடத்தில் முகர்ந்து பார்த்தது. அங்கே எதுவும் இல்லை. பனிக்குட நீர் சிந்திய ஈரம் மட்டும் இருந்தது. அது அந்த ஈர மண்ணை நக்க ஆரம்பித்தது. நக்கிக்கொண்டே, தொண்டைக்குள் மிக மெல்லிய ஒரு குரல் கொடுத்தது. தாய்மாடு பிறந்த கன்றிடம் மட்டும் பேசுகிற குரல் அது. வேறு எப்போதும் வராது. தங்கராசு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "இல்லம்மா, அங்க இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது மண்ணை நக்குவதை நிறுத்தவில்லை.

சீம்பாலைக் கறந்து, சூடுபண்ணி, ஆறவைத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாள் செவலை தோட்டத்துத் திசையைப் பார்த்துக் கத்தியது. நான்காம் நாள் தங்கராசு பூபதிக்குப் போன் செய்து, வாங்க என்றார். எதற்கு என்று இரண்டு பேருமே சொல்லிக்கொள்ளவில்லை.

சேர்த்த துகள் தாங்கிய ஐந்து மாதத்தில் எழுபத்து மூன்று கன்றுகள் பிறந்தன. ஐம்பத்தெட்டு பிழைத்தன. ஒவ்வொன்றையும் கலாமணி வைக்கோலாலும் தேங்காய் நாராலும் தேய்த்துத் துவட்டினாள். மெத்தென்ற துணி உதவாது, நாக்கு போலச் சொரசொரப்பாக இருந்தால்தான் கன்றுக்கு ரத்தம் ஓடும் என்பாள். மூன்றாம் வாரத்திலிருந்து குட்டச்சியின் நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். முதலில் அசை போட்டது செவலையின் கன்றுதான். ஒரு கிடாரி, நெற்றியில் வெள்ளைச் சுழி. பூபதி அதன் இடப்பக்கப் பள்ளத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ரெஹானாவைப் போனில் கூப்பிட்டு, போனை அங்கேயே பிடித்துக்கொண்டார். அவளுக்கு அது கேட்டதோ இல்லையோ, வெகுநேரம் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவள் அதற்குள் வேலையை விட்டிருந்தாள்.

குட்டச்சிக்கு முதல் மாதத்திலேயே பால் வற்றியது. பிறகு மயிர் உதிர்ந்தது. பூபதி குழாய் இறக்குவதை வாரம் ஒரு தடவையாகக் குறைத்தார்; கன்றுகள் நுண்ணுயிர்களை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்ளத் தொடங்கியதும் நிறுத்தியே விட்டார். இரண்டாவது கோடையில் ஒரு காலையில் அது எழுந்திருக்கவில்லை. குழி வெட்ட ஊரிலிருந்து நாற்பது பேர் வந்திருந்தார்கள்.

மூன்று வருடம் ஆயிற்று. மண்ணையும் தொட்டிகளையும் சோதித்து, அந்தத் தூங்கும் நுண்ணுயிர் எங்கும் மிஞ்சவில்லை, எல்லாம் செத்துவிட்டது என்று சொன்னார்கள். கிடாரிகள் ஊருக்குள் அவரவர் கட்டுத்தறிக்குத் திரும்பின. முதலில் சினையானது செவலையின் மகள். பங்குனி மாதத்தில் ஒரு பிற்பகலில் அதற்கு வலி எடுத்தது. தங்கராசு, கலாமணி, பூபதி மூவரும் இருந்தார்கள். சிக்கல் ஒன்றும் இல்லை. பூபதி கன்றை ஏந்தினார், எழுந்தார், நடந்தார்.

"டாக்டரு" என்றார் தங்கராசு. "கீழ வெச்சிருங்க."

அப்போதுதான் பூபதிக்குத் தான் படல் வரைக்கும் வந்துவிட்டது தெரிந்தது. திரும்பி வந்து, கன்றை அதன் தாய்க்கு முன்னால் வைக்கோலில் வைத்துவிட்டு விலகி நின்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கிடாரி கன்றைப் பார்த்தது. ஈரமாக நெளிகிற அந்தப் பொருள் என்னவென்று அதற்குத் தெரியவில்லை. மூச்சைச் சீறிக்கொண்டு, கயிறு எட்டும் மட்டும் பின்வாங்கிப்போய்ச் சுவரோடு ஒட்டி நின்றது. கன்று தலையைத் தூக்கிக் கத்தியது. கிடாரி காதை மடக்கிக்கொண்டது. முதல் ஈற்று, பயந்திருக்கும், பொறுத்துப் பார்க்கலாம் என்றாள் கலாமணி. பொறுத்துப் பார்த்தார்கள். வெயில் கூரையை விட்டு இறங்கியது. கிடாரி ஒரு அடிகூட முன்னால் வரவில்லை. தங்கராசு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கலாமணி உள்ளே போய் ஒரு சட்டியில் தவிடும் கல்லுப்பும் கலந்து எடுத்துவந்தாள். இரண்டு பிடி அள்ளிக் கன்றின் முதுகிலும் கழுத்திலும் தூவி, கிடாரியின் கயிற்றைப் பிடித்து மெல்ல இழுத்துவந்தாள். அது முகர்ந்தது. நாக்கை நீட்டி ஒருமுறை நக்கிப் பார்த்தது. பிறகு நன்றாகவே நக்கியது, கழுத்தை, முதுகை, விலாவை. கன்று அந்த நாக்குக்கு ஏற்ப ஆடியது. தங்கராசு வாய்விட்டு அழுதார்.

தவிடு தீர்ந்தது. கிடாரி நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, தீனித் தொட்டியின் பக்கம் திரும்பியது. கன்று மறுபடி கத்தியதற்கு அது திரும்பிப் பார்க்கவில்லை. சோளத்தட்டை இழுத்து மென்று, கொஞ்ச நேரத்தில் சாவகாசமாக அசை போட ஆரம்பித்தது. பூபதி அதன் இடப்பக்கம் போய்க் கையை வைத்துப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் மூன்று தடவை. அதன் வயிற்றில் ஒரு குறையும் இல்லை.

கலாமணி சட்டியில் கையை விட்டு இன்னொரு பிடி எடுத்தாள்.